பழியிலியின் மலையடிவாரத்தில்: கழிவிரக்கம் யாருக்குச் சேர வேண்டிய கடன்?

நார்த்தாமலையில் மேலமலையின் பாறைச் சரிவேறி விசயாலய சோழீச்சரத்தின் முன் நிற்பவர்களுக்கு, எதிரே பாறையைக் குடைந்தெடுத்த ஒரு சிறு கோயில் தெரியும். சோழீச்சரத்தின் வட்டக் கருவறையையும் துவாரபாலகர்களையும் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதன் பெயர் பழியிலி ஈசுவரம். பல்லவன் நிருபதுங்கனின் 7-ஆம் ஆட்சியாண்டில், 9-ஆம் நூற்றாண்டில், இதைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி. விடேல்விடுகு முத்தரையனின் மகன். அவனுடைய மகள் பழியிலி சிறியநங்கை பின்னர் முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் சேர்த்தாள். மண்டபம் அழிந்துவிட்டது. அதன் அடித்தளம் மட்டும் வெயிலில் கிடக்கிறது.

பழியிலி என்றால் பழி இல்லாதவன். தந்தைக்கும் மகளுக்கும் கோயிலுக்கும் அதே பெயர். ஒரு குடும்பம் தனக்கு வேண்டிக்கொண்ட ஆகப் பெரிய செல்வம் அதுதான் போலும். ஆனால் பழி வந்து சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? செய்தது தவறு என்று நெஞ்சுக்குத் தெரிந்த பிறகு ஒரு மனிதன் யாரிடம் போய் நிற்க வேண்டும்? தமிழர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பல விடைகள் சொல்லி வந்திருக்கிறார்கள். அவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் பெரும்பாலான விடைகளில் ஒரே ஆள் விடுபட்டுப்போவது தெரிகிறது. யாருக்குத் தீங்கு நடந்ததோ, அந்த ஆள்.

இந்த மலைகளுக்குள்ளேயே அந்தக் கேள்விக்கு இரண்டு எதிரெதிர் சாட்சிகள் உண்டு. நார்த்தாமலைக் குன்றுகளில் ஒன்றுக்கு ஆளுருட்டிமலை என்று பெயர். குற்றம் செய்தவனை உச்சியிலிருந்து உருட்டிவிட்ட இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். தண்டனையோடு கணக்கு முடிந்தது. குற்றவாளி வருந்தினானா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதே குன்றின் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புருவங்கள் இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கியிருந்த குன்று அது. அன்றாடம் தாம் செய்த பிழைகளை எண்ணிப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, பொறுத்தருளக் கேட்பதைத் தம் நாளின் கடமையாக வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இந்த உணர்ச்சிக்கு வழங்கும் ‘ரிமோர்ஸ்’ என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘மோர்தேரே’ என்றால் கடித்தல். முன்னொட்டைச் சேர்த்தால் மறுபடி மறுபடி கடித்தல். இடைக்கால லத்தீன் நூல்கள் மனச்சாட்சியின் கடி என்றே இதைக் குறித்தன. 1340-இல் கேன்டர்பரியில் டான் மைக்கேல் என்ற துறவி பிரெஞ்சு அறநூல் ஒன்றைத் தம் கென்ட் வட்டார மொழியில் பெயர்த்தபோது, லத்தீன் சொல்லை அப்படியே எடுக்காமல் ‘அயென்பைட் ஆஃப் இன்விட்’ என்று தலைப்பிட்டார். உள்ளறிவு திரும்பக் கடித்தல் என்று பொருள். அந்தச் சொல் வழக்கில் நிலைக்கவில்லை. ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுக்குப் பிறகு ஜேம்ஸ் ஜாய்ஸ் தம் ‘யூலிசிஸ்’ நாவலில், இறந்த தாயை நினைத்து உள்ளுக்குள் வேகும் இளைஞனின் மனத்தில் அதைத் திரும்ப ஒலிக்க வைத்தார்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘ரிமோர்ஸ்’ என்பதற்கு இரக்கம் என்ற பொருளும் இருந்தது. ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் நீதிமன்றக் காட்சியில் ஷைலக்கிடம் எதிர்பார்க்கப்படுவது, செய்த குற்றத்துக்கான வருத்தம் அன்று. எதிரில் நிற்பவன் மீதான இரக்கம். இன்றும் ‘ரிமோர்ஸ்லெஸ்’ என்றால் ஈவிரக்கமற்ற என்றுதான் பொருள்.

தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. இரங்குதல் என்ற சொல் பிறருக்காக மனம் கசிவதையும் குறிக்கும், தான் செய்ததை நினைத்து வருந்துவதையும் குறிக்கும். கழிந்ததற்கு இரங்குவது கழிவிரக்கம். ஆனால் இன்றைய எழுத்தில், குறிப்பாகக் கதைகளிலும் பத்திரிகைகளிலும், கழிவிரக்கம் என்ற சொல்லைத் தன்னிரக்கம் என்ற பொருளில் எழுதும் வழக்கம் பரவிவிட்டது. தன் நிலையை நினைத்துத் தானே பரிதாபப்படுவதைக் கழிவிரக்கம் என்கிறார்கள். சொல் பொருள் மாறுவது இயற்கைதான். ஆனாலும் இந்த மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. பிறருக்கு நேர்ந்ததை நோக்கி இருந்த முகத்தை, அந்தச் சொல் தன்னை நோக்கித் திருப்பிக்கொண்டுவிட்டது.

வள்ளுவர் நெஞ்சின் வேதனையைக் கடி என்று சொல்லவில்லை, சூடு என்றார். வாய்மை அதிகாரத்தில் அறிந்தே பொய் சொன்னவனை அவன் நெஞ்சே சுடுகிறது. வினைத்தூய்மை அதிகாரத்தில் வரும் 655-ஆம் குறள் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பின்னால் இரங்கும்படியான செயல்களைச் செய்யாதே என்பது முதல் பாதி. அதில் சிக்கல் இல்லை. செய்துவிட்டால் என்ன என்பது இரண்டாம் பாதி. அங்கேதான் உரைகாரர்கள் பிரிகிறார்கள். அத்தகைய செயலை மறுபடி செய்யாதிருப்பது நல்லது என்று மு. வரதராசன் பொருள் கொள்கிறார். பரிமேலழகரோ, செய்த பிறகு உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காமை நல்லது என்று கொள்கிறார். ஒருவர் உரையில் விலக்க வேண்டியது குற்றம்; இன்னொருவர் உரையில் விலக்க வேண்டியது புலம்பல். அமைச்சனுக்குச் சொன்ன அறிவுரை என்று பார்த்தால் பரிமேலழகர் பக்கம் நியாயம் உண்டு. வினையை நடத்த வேண்டியவன் அழுது கொண்டிருந்தால் ஆட்சி நடக்காது. ஆனால் இரண்டு உரைகளிலும் தீங்குக்கு ஆளானவன் வரவில்லை. செய்தவனும் அவன் வினையும் மட்டுமே பேசப்படுகின்றன.

இலக்கியத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால், கழிவிரக்கத்தை எண்ணிக் கணக்கிட்டு வைத்திருப்பதைக் காணலாம். பழைய வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு வட்டாரங்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல, கைப்பிழையாக நேர்ந்த கொலைகளைப் பதிவு செய்கின்றன. வேட்டைக்குப் போனவன் விட்ட அம்பு விலங்கின்மேல் படாமல் இன்னொருவன்மேல் பட்டுவிடுகிறது. நாட்டார் கூடுகிறார்கள். பகையால் செய்ததில்லை, தவறிப்போய் நடந்தது; ஆகவே இவன் இதற்காகச் சாக வேண்டியதில்லை, கோயிலில் விளக்கெரிக்கட்டும் என்று முடிவாகிறது. விளக்கென்றால் ஒருநாள் இருநாள் விளக்கில்லை. நந்தா விளக்கு, சந்திர சூரியர் உள்ளளவும் அணையாமல் எரிய வேண்டியது.

அது எப்படி எரிந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு முழு விளக்குக்குப் பல ஊர்களில் 90 ஆடுகள், தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடுகள். தஞ்சையில் ஆட்டுக்குப் பதில் 48 பசுக்களோ 16 எருமைகளோ கொடுக்கலாம். ஆடுகளைக் கோயில் தானே வைத்துக்கொள்ளாது, இடையர்களிடம் ஒப்படைக்கும். அவர்கள் விளக்குக்கு நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையில் கிழடு சாகும், குட்டி வளரும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. இதற்காகவே ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டில் எழுதினார்கள், சாகாத மூப்படையாத பெரிய ஆடுகள் என்று. வசதி குறைந்தவனுக்கு அரை விளக்கு, அதற்குப் பாதி ஆடுகள்.

இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது. உயிருக்கு உயிர் என்று கேட்காத ஒரு நீதி ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இங்கே இருந்திருக்கிறது. கருத்தோடு செய்த கொலையையும் கைதவறிய கொலையையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கொன்றவன் மனத்தளவில் வருந்தினால் போதும் என்றும் விட்டுவிடவில்லை. அவன் மந்தையில் பாதியோ முழுதோ போகும்படி செய்து, ஊரறியக் கல்லில் பொறித்தார்கள். அவனும் அவன் பிள்ளைகளும் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுடரைப் பார்த்தாக வேண்டும்.

மதிப்போடு ஒரு மனக்குறையும் சேர்ந்தே எழுகிறது. ஆடுகள் கோயிலுக்குப் போயின. இறந்தவனின் மனைவிக்கு என்ன போனது? சில கல்வெட்டுகளில் விளக்கு இறந்தவரின் நன்மைக்காக என்று வரும்; அவ்வளவே. வரி கேட்டு நெருக்கிய ஊர் அதிகாரி ஒருவனைப் பற்றிய கல்வெட்டும் உண்டு. வரி தனக்குரியதில்லை என்று மறுத்த பெண்ணை அவன் சோதனைக்கு உட்படுத்த, அவமானம் தாங்காமல் அவள் நஞ்சுண்டு இறந்தாள். பல நாட்டு மக்கள் கூடி அவன்மேல்தான் குற்றம் என்று சொன்னார்கள். துணிச்சலான தீர்ப்பு, இன்றும் எளிதில் கிடைக்காத தீர்ப்பு. தண்டனை என்னவோ அங்கேயும் விளக்குத்தான்.

இறந்தவர் வீட்டுக்கு நிலம் கொடுத்த வழக்கம் தமிழகத்தில் இல்லாமலில்லை. உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். ஊர்க்காவலிலோ ஆநிரை மீட்பதிலோ பூசலிலோ உயிர்விட்டவனின் குடும்பத்துக்கு ஊரார் விட்ட நிலம் அது. புதுக்கோட்டை வட்டாரக் கல்வெட்டுகளிலும் இந்தச் சொல் உண்டு. சிந்திய குருதிக்கு ஈடாக வாரிசின் கையில் நிலம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அது வீரனுக்குப் பொருந்தியது போல, வழிதவறிய அம்பில் மாண்டவனுக்குப் பெரும்பாலும் பொருந்தவில்லை.

புராணத்தில் இந்த விடுபடல் இன்னும் துலக்கமாகத் தெரியும். திருவிடைமருதூர்க் கதை பலருக்கும் தெரிந்தது. வரகுண பாண்டியன் குதிரையில் வரும்போது வழியில் படுத்திருந்த அந்தணன் ஒருவன் குளம்படியில் சிக்கி இறக்கிறான். அரசனுக்கே தெரியாமல் நடந்த சாவு. பிரமகத்தி என்னும் கொலைப் பழி அரசனைப் பிடித்துக்கொள்கிறது. இடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாசல் வழியாக அவன் உள்ளே நுழைய, பிரமகத்தி வெளியே நின்றுவிடுகிறது. அவன் வேறு வாசல் வழியாக வெளியேறிவிடுகிறான். இன்றும் அக்கோயிலில் நுழைந்த வாசல் வழியே திரும்பக் கூடாது என்பார்கள். கிழக்கு வாசலில் பிரமகத்திக்குத் தனி உருவமும் உண்டு. குற்ற உணர்ச்சி ஓர் ஆளாகவே உருவெடுத்துப் பின்தொடர்வதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன கதைகள் குறைவு. ஆனால் கதையின் அக்கறை முழுவதும் அரசனின் விடுதலையில்தான் இருக்கிறது. செத்த அந்தணனுக்கு வீடு இருந்ததா, யாராவது அவனுக்காகக் காத்திருந்தார்களா என்று கதை கேட்பதே இல்லை.

இதற்கு நேர்மாறாக நிற்பவன் மனுநீதிச் சோழன். மகனின் தேர்க்காலில் கன்று ஒன்று மடிந்தபோது, பசுவதைக்கு அந்தணர் விதித்த கழுவாய் இருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். கன்றை இழந்த பசுவின் வேதனையைத் தானும் பட்டால்தான் நீதி என்று அவன் மறுக்கிறான். தேர்க்காலில் மகனைக் கிடத்தியது கொடுமை என்று இன்றைய மனம் சொல்லும், அது சரிதான். ஆனாலும் சடங்கை விலக்கிவிட்டு, தீங்குக்கு ஆளான உயிரின் முகத்தைப் பார்த்தவன் அவன். திருவாரூரில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டே இக்கதையைச் சொல்கிறது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் கழிவிரக்கம் அவன் உயிரையே எடுத்துவிடுகிறது. அதை எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். அதே நூலின் உரைபெறு கட்டுரை சொல்லும் இன்னொரு செய்தியைச் சொல்வதில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதற்காக ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டானாம். அரசவை செய்த குற்றத்துக்கு ஒரு தொழிற்குலத்தின் தலையில் கழுவாய். தவறு செய்தவர்கள் தங்கள் பழியை எளியவர்கள்மேல் இறக்கி வைப்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று நம் இலக்கியத்தில் இல்லை.

தமிழகத்துக்கு வெளியே, இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற கழிவிரக்கம் அசோகனுடையது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு பெயர்க்கப்பட்டார்கள் என்று தன் 13-ஆம் பாறை ஆணையில் அவனே எழுதி வருந்துகிறான். தெற்கே சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் அதே ஆணைதான். இந்த ஆணை கிர்னாரில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, ஆந்திரத்தின் எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை! அங்கே அதை விலக்கிவிட்டு, தனி ஆணைகளைப் பொறித்தார்கள். உலகுக்கெல்லாம் சொன்ன வருத்தத்தை, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்லவில்லை. ஆட்சி நடத்த அது வசதியாக இருந்திருக்கலாம். கலிங்கத்தில் தந்தையை இழந்த பிள்ளை அந்தப் பாறையில் தன் தந்தையின் சாவுக்கு ஒரு வரியைத் தேடியிருந்தால், கிடைத்திருக்காது.

கிறித்தவம் தமிழ்க் கடற்கரைக்கு வந்தபோது, கழிவிரக்கத்துக்குத் தனி மொழியையே கொண்டுவந்தது. தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது. இரண்டே ஆண்டில், 1580-இல், அன்றிக் அடிகளார் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேட்டைக் கொச்சியில் அச்சிட்டுவிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் தம் பிழைகளைத் தமிழிலேயே எண்ணிச் சொல்ல அது வழிகாட்டியது. கத்தோலிக்கக் குடும்பங்களில் ‘மனஸ்தாபப்படுதல்’ என்பது இன்றும் அன்றாடச் சொல். அந்த முறையில் எனக்குப் பிடித்த பகுதி, திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு முழுமையாகாது என்ற விதி. இஸ்லாத்தின் தவ்பாவிலும் அப்படித்தான்: இறைவனுக்குச் செய்த பிழையை இறைவனிடம் முறையிடலாம், மனிதனுக்குச் செய்த பிழைக்கு அந்த மனிதனின் உரிமையைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

இனி ஆளுருட்டிமலைச் சமணர்கள். அவர்கள் மரபின் பிரதிக்கிரமணம், போன பாதையிலிருந்து திரும்பி வருதல், துறவிக்கு நாள்தோறும் உரிய கடமை, இல்லறத்தாருக்கும் உண்டு. ஆசிரியர் முன்னால் பிழையை மறைக்காமல் சொல்வதை ஆலோசனை என்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சமணக் குடும்பங்கள் உறவினர், நண்பர், பகைவர், வேலையாள் என்று ஒவ்வொருவரிடமும் நேரில் போய், அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி கைகூப்பிக் கேட்கிறார்கள். எல்லா உயிர்களையும் நோக்கிச் சொல்லும் வேண்டுதலும் அதனோடு சேரும். வடநாட்டுச் சமணர்கள் இதை ‘மிச்சாமி துக்கடம்’ என்பார்கள். இன்று கைப்பேசியில் ஒரே செய்தியை நூறு பேருக்கு அனுப்பி முடித்துவிடுகிறவர்களும் உண்டு. ஆனாலும் முறை என்ற அளவில், நான் பார்த்தவற்றுள் இதுவே நேர்மையானது. பிழை யாருக்கு நடந்ததோ அவர் வாசலுக்குப் போகச் சொல்கிறது. மேலமலையில் அவர்களுடைய குகை 13-ஆம் நூற்றாண்டுக்குள் திருமால் கோயிலாகிவிட்டது. சமணர் குடகு என்ற பெயர் மட்டும் ஊர் வாயில் மிச்சமிருக்கிறது.

எளிய மக்களிடமும் இந்த அறிவு இருந்தது, தலைகீழாக. தவறு செய்தவன் வராவிட்டால், தீங்குக்கு ஆளானவர் அவன் வாசலில் போய்ப் பட்டினியாகப் படுத்துவிடுவார். பழிகிடத்தல் என்று அதைச் சொன்னார்கள். இங்கே நான் செத்தால் பழி உன்மேல் என்பதுதான் அதன் வலிமை. வழக்கு மன்றம் எட்டாத இடத்தில் ஏழைகளிடம் இருந்த ஒரே ஆயுதம்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. இலங்கையில் 1983 ஜூலைப் படுகொலைக்காக அதிபர் சந்திரிகா குமாரதுங்க 2004-இல் மன்னிப்புக் கேட்டார்; 1981-இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதற்காகப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க 2016-இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கேட்டது நல்லதே. வீடும் உறவும் இழந்தவர்களுக்கு அந்தச் சொல்லோடு வேறென்ன வந்து சேர்ந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இந்தியச் சட்டத்தில் குற்றவாளியின் மனவருத்தம் தண்டனையைக் குறைக்கும் காரணங்களுள் ஒன்றாக நீண்டகாலமாகப் பேசப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்று மாநிலங்களைக் கட்டாயப்படுத்திய பிரிவு, 357ஏ, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் வந்தது 2009-இல்தான்.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. யார் செய்தார்கள் என்பது வழக்கின் விஷயம். விசாரணையின் முடிவை அந்த மக்களே ஏற்கவில்லை. நான் கேட்பது வேறு. சுற்றியிருந்த ஊர்களிலிருந்து, சாதிச் சங்கங்களிலிருந்து, குடும்பம் குடும்பமாக எத்தனை பேர் அந்தத் தெருவுக்குப் போய், நாங்கள் செய்யவில்லை என்று சொல்வதற்காக அல்லாமல், உங்களுக்கு இப்படி நடந்ததே என்று சொல்வதற்காக நின்றார்கள்? இரக்கமும் கழிவிரக்கமும் ஒரே வேரில் பிறந்தவை என்பது அந்தத் தெருவில் தெரிந்திருக்க வேண்டும்.

கல்வெட்டு படிக்கும் இளைஞர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கைப்பிழைக் கொலைகளுக்கு விளக்கு வைத்த கல்வெட்டுகள் ஆண்டறிக்கைகளிலும் தொகுதிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே நூலாகத் தொகுங்கள். தொகுக்கும்போது விளக்கு வைத்தவன் பெயரையும் கோயில் பெயரையும் அரசன் ஆண்டையும் தலைப்பாக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். பல கல்வெட்டுகளில் இறந்தவரின் பெயர் இருக்கிறது. அதை முதலில் எழுதுங்கள்.